சட்டைப்பை எந்தப் பக்கம்

கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பது அந்த வீட்டு வழக்கம். மகள் படிப்பாள், அப்பா தலையாட்டுவார். மேலிருந்து படித்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும், கீழிருந்து படித்தால் ஒவ்வொரு வரியும் தனியாக நின்று பதில் சொல்லும் என்பது அப்பாவின் கட்சி. அன்று மதியமும் சாப்பிட்ட தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சமையலறை மேசையில் நாளைய பக்கத்தின் மாதிரிப் படியை விரித்துக்கொண்டார்கள்.

"வானொலி இரட்டையர்ல மூத்தவர் மறைந்த நாள்."

"ஆமா."

"ஓவியர் பிறந்த நாள். வருஷம் சரியா இருக்கு."

"நீ ஏன் சரின்னு சொல்ற? வருஷத்தப் படி. சரியா இல்லையான்னு நான் சொல்றேன்."

மகள் படித்தாள். அப்பா தலையாட்டினார். அடுத்து, வானொலி நிலையம் முதன்முதலில் ஒலிபரப்பிய நாள். அதற்கும் மேலே, நகரத்தின் முதல் திரையரங்கு கதவு திறந்த நாள். எல்லாம் ஒரே தேதியில்.

"நாளைக்குச் சரியான கூட்டம்ப்பா."

"கூட்டமா? ஒரு நாட்டியக்காரியக் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிட்டேன். அடுத்த வருஷம் உள்ள விட்டுக்கலாம். அவங்க எங்கயும் போகப் போறதில்ல."

அடுப்புப் பக்கமிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஊர்ல எவன் எப்பப் பொறந்தான், எவன் எப்பச் செத்தான், எல்லாம் மனப்பாடம். கட்டினவ பொறந்த நாள் மட்டும் வாய்ல வராது."

"உன் பொறந்த நாள் நெரிசல் நாள்டி. இடமே இல்ல. நான் என்ன பண்றது?"

"நீங்க செத்தா உங்களுக்கு இடம் இருக்கா?"

"அதெல்லாம் காலி நாளாப் பாத்துத்தான் போவேன்."

சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து படியின் மூலையில் தன் சுருக்கொப்பத்தைக் கிறுக்கினார். "போகட்டும்," என்றார். படியை அச்சுக்கு எடுத்துப்போக அலுவலகத்து ஆள் கீழே வந்து ஹாரன் அடித்தார். அப்பா அதை ஒரு பெரிய உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.

அதுதான் இருவரும் சேர்ந்து பார்த்த கடைசி வேலை. தெரிந்திருந்தால் மகள் இன்னும் மெதுவாகப் படித்திருப்பாள்.

அப்பாவின் வேலை நாளிதழில் 'இதே நாளில்' என்ற மூலையை நிரப்புவது. பிழை திருத்துபவராகச் சேர்ந்தவர். ஒருநாள் பக்கத்தில் ஓர் ஓரம் காலியாகக் கிடக்க, "இன்னைக்குத் தேதியில என்ன நடந்ததுன்னு எழுதிப் போடட்டுமா?" என்று கேட்டார். போட்டார். மறுநாளும் அந்த ஓரம் காலியாக இருந்தது. அப்படியே ஒட்டிக்கொண்டது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த மூலை மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லாரும் அவரைக் 'காலண்டர்' என்பார்கள். முகத்துக்கு நேரே காலண்டர் சார்.

போர், ஒப்பந்தம், தேர்தல் எதையும் அவர் தொடமாட்டார். அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது என்பார். பாடியவர்கள், வரைந்தவர்கள், நடித்தவர்கள், அவர்கள் நின்ற மேடை, திறந்த அரங்கு, இடித்த அரங்கு. இவைதான் அவர் சரக்கு. வருஷத்தில் சில நாட்களில் ஆளே இருக்காது. அவை காலி நாள். சில நாட்களில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்பார்கள். அவை நெரிசல் நாள். காலி நாளில் தேடி அலைவார். நெரிசல் நாளில் யாரை வெளியே தள்ளுவதென்று சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருப்பார்.

உயிரோடு இருப்பவரைப் போடுவதென்றால் முதல் நாளே வீட்டுக்கு போன் செய்து, "நாளைக்கு உங்களைப் போடலாங்களா?" என்று கேட்டுவிடுவார். இது மரியாதை மட்டுமல்ல. முன்பொருமுறை பக்கம் மூடும் நேரத்தில் யாரோ போன் செய்து ஒரு சிற்பி இறந்துவிட்டார் என்றார்கள். அவசரத்தில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்தச் சிற்பியே அலுவலகத்துக்கு வந்து, அப்பாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "செத்தவனுக்கு ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சிற்பியும் சிரித்தார். பேப்பரைப் பார்த்துவிட்டு அவருடைய அக்கா மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பதை டீயைக் குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்.

அன்றைக்கே அப்பா இரண்டு சட்டம் போட்டார். மூடும் நேரத்தில் பக்கம் முடிக்கும் அறையில் யாரும் போனைத் தொடக்கூடாது, எல்லாம் இழுப்பறைக்குள் போய்விட வேண்டும். திருத்தம் என்றால் காகிதத்தில், அவர் கையெழுத்தில், மூலையில் அவர் சுருக்கொப்பத்தோடு வர வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. அவரிடம் வேலை கற்று இப்போது பக்க ஆசிரியராக இருப்பவர் இந்த இரண்டையும் பிடிவாதமாகக் காப்பாற்றிவந்தார். நீளமான எதையும் வெட்டித் தள்ளுவதால் அப்பா அவருக்கு வைத்த பெயர் கத்திரி.

இனி அந்த இரட்டையர். அண்ணன் தம்பி, ஒரே நேரத்தில் பிறந்தவர்கள். பெரியவர், சின்னவர் என்றே ஊர் அறிந்தது. வானொலியில் இருவரும் ஒருவரையொருவர் கேலியாக வாரிக்கொள்ளும் நாடகத்துக்காக வாரா வாரம் தெருவே காலியாகும். குரலால் மட்டும் வாழ்ந்தவர்கள். முகம் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் யார் யாரென்று பிரித்துச் சொல்லத் தெரியாது. பெரியவர் இறந்தது இருவரும் பிறந்த அதே தேதியில். ஆகவே அந்த ஒரு தேதியில் தம்பிக்குப் பிறந்த நாள், அண்ணனுக்குப் பிறந்த நாளும் இறந்த நாளும்.

வருஷா வருஷம் அப்பா சின்னவருக்கு போன் செய்வார். வருஷா வருஷம் ஒரே பதில்தான். "அவன் செத்த நாள்ல எனக்கு வாழ்த்தா? வேணாம் சார், விட்டுடுங்க." இந்த வருஷம்தான் சின்னவர் கொஞ்சம் இறங்கிவந்தார். "என்னைப் போடாதீங்க. அவனப் போடுங்க. படம் போட்டா அவன் முகம் மட்டும் வரணும். என் மூஞ்சி வேணாம்."

"படம் இருக்குங்களா?"

"பிரின்ட் ஈரத்துல போயிடுச்சு. ஃபிலிம் இருக்கு. ரெண்டு பேரும் மைக் முன்னாடி நிக்கிறது. அந்த ஒன்னுதான் இருக்கு, பாத்துக்குங்க."

அப்பா நேரில் போய் வாங்கிவந்தார். "அண்ணன் எந்தப் பக்கம் நிக்கிறாரு?"

"இடது பக்கம்."

"படத்தப் பாக்குறவங்களுக்கு இடதா, நிக்கிறவங்களுக்கு இடதா?"

"பாக்குறவங்களுக்கு. பிரின்ட் செவுத்துல மாட்டியிருந்த வரைக்கும் தினமும் பாத்தவன் சார் நான்."

"நாளான்னைக்குக் காலையில பேப்பர் வந்ததும் ஃபிலிம நானே கொண்டு வந்து கையில கொடுத்துடறேன்."

அலுவலகத்தில் ஸ்கேன் செய்து, படத்தை மகளின் போனுக்கும் அனுப்பினார்கள். அப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, இடப்பக்க முகத்தை வெட்டி எடுக்கச் சொன்னார். ஃபிலிமைச் சின்ன உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று காலையும் சட்டையை மாற்றியபோது உறையையும் மறக்காமல் மாற்றி வைத்தார்.

மாதிரிப் படியைக் கொடுக்கக் கீழே இறங்கியவர் திரும்பி ஏறி வரவில்லை. மகள் எட்டிப் பார்த்தபோது பாதி வழியில் படியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். நெற்றி நனைந்திருந்தது. மகள் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் இன்ஜினியர். ஊரில் பாதிக் கட்டடங்களை ஏற்றி இறக்குகிறவள் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்று அப்பா போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு முட்டிவலி. படியிறங்க முடியாமல் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னாச்சுங்க? வாயத் திறந்து சொல்லுங்க!"

"ஒன்னுமில்லடி. வாயுதான்."

"வாயுக்கு இப்படியா வேர்க்கும்?"

கம்பெனி வண்டியில், ஸ்பேனர் பெட்டிக்கும் கயிற்றுச் சுருளுக்கும் நடுவில் உட்காரவைத்து மகள் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

சட்டையைக் கழற்றி மார்பில் வயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். கையில் ஊசி குத்தி ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். டியூட்டி டாக்டர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரத்த ரிசல்ட் வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. பேச்சையும் குறைச்சுக்குங்க," என்றார். மகளைத் தனியே கூப்பிட்டு, "கூட யாராவது இருங்க," என்றும் சொன்னார்.

குளிர்கிறது என்றார் அப்பா. மகள் ஊசியில்லாத கையை மட்டும் சட்டைக்குள் நுழைத்து, மிச்சத்தை மேலே போர்த்திவிட்டாள். அவர் கை தானாக இடது மார்புக்குப் போனது. பைக்குள் உறை இருக்கிறதா என்று தடவியது. இருந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

"அந்தப் படத்தக் காட்டு."

"பேசக் கூடாதுன்னாங்கப்பா."

"காட்டுன்னா காட்டு."

மகள் போனில் படத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு மைக். இரண்டு பக்கமும் ஒரே முகம், ஒரே சட்டை, ஒரே சிரிப்பு. இருவர் பையிலும் பேனா.

"பை எந்தப் பக்கம் இருக்கு?"

மகள் பார்த்தாள். "வலது மார்புல."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும். ஒரே துணியில ஒரே டெய்லர் தச்சிருப்பான், விடுங்க."

"வாட்ச்?"

அதுவும் வலது கையில். இரண்டு பேருக்கும். உள்ளே கண்ணாடி வைத்த லிஃப்ட்டில் மாடி எண் இடவலம் மாறித் தெரிவதைத் தினமும் பார்க்கிறவள் அவள்.

"படம் திரும்பியிருக்குப்பா. ஃபிலிமப் பின்பக்கமா வச்சு ஸ்கேன் பண்ணிட்டாங்க."

"அப்ப இடது பக்கம் இருக்கிறது?"

மகள் போனை இறக்கினாள். 'மூத்தவர் மறைந்த நாள்' என்ற வரிக்கு மேலே நாளைக்கு அச்சாகப்போவது உயிரோடிருக்கும் சின்னவரின் முகம். என் மூஞ்சி வேணாம் என்று ஒன்றே ஒன்று கேட்டிருந்த மனுஷன். காலையில் அண்ணன் முகத்தைத் தேடிப் பேப்பரைத் திறப்பார். செத்தவனாகத் தன்னையே பார்ப்பார்.

"கத்திரிக்குப் போடு."

மகள் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். அலுவலக எண்ணுக்குப் போட்டாள். அதுவும் அப்படியே.

"எடுக்க மாட்டான்," என்றார் அப்பா. "மூடுற நேரம். போனெல்லாம் இழுப்பறையில இருக்கும். நான் போட்ட சட்டமாச்சே." எழுந்து உட்காரப் பார்த்தார். "நான் போறேன்."

"எங்க? ட்ரிப்ஸ் ஸ்டாண்டையும் உருட்டிக்கிட்டா?"

"அப்ப நீ போ."

"உங்கள இப்படிப் போட்டுட்டா? கூட இருக்கச் சொல்லியிருக்காரு டாக்டர்."

"எனக்கு இங்க டாக்டர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க. நாளைக்குக் காலையில அந்த மனுஷனுக்கு யாரு இருக்கா?"

மகள் நின்றாள். இதயத்துடிப்பு காட்டும் திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தத்தை வைத்தே எது தாங்கும், எது தாங்காது என்று சொல்லிவிடுகிறவளுக்கு அந்தக் கோட்டைப் படிக்கத் தெரியவில்லை.

"வாய்வார்த்தைய அவன் கேக்க மாட்டான். காகிதம் கொடு."

நர்ஸ் குப்பையில் போட வைத்திருந்த ஈ.சி.ஜி. தாள் ஒன்றை மகள் கேட்டு வாங்கினாள். நர்ஸ் முறைத்தாள். "என்னம்மா இது, இந்த நேரத்துல எழுத்து வேலை?"

"அவருக்கு இத எழுதலன்னாதான் பிரஷர் ஏறும் சிஸ்டர்."

அப்பா அதன் பின்பக்கம் எழுதினார். 'படம் திரும்பியுள்ளது. வலப்பக்க முகத்தை எடுக்கவும்.' மூலையில் சுருக்கொப்பம். பழக்கத்தில் தேதியும். அவருடைய போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மகள் வெளியே ஓடினாள்.

வண்டியை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் பாலத்தில் வண்டி நகராது. ஓடினாள். பூட்டுக் கடை, மருந்துக் கடை, பள்ளிக்கூட வாசலில் குடைகளோடு நின்ற கூட்டம், எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு ஓடினாள். வழியில் அம்மா போன் செய்தாள்.

"எப்படிடி இருக்காரு?"

"இருக்காரும்மா."

"கூடத்தான இருக்க?"

மகளுக்கு மூச்சு வாங்கியது. "அப்புறம் பேசறேம்மா."

நாளிதழ் அலுவலகத்தில் லிஃப்ட் கதவு திறந்தே நின்றது. மகள் அதன் முகத்தைப் பார்த்தாள், ஏறவில்லை. மெதுவானது அது. அதன் வயசு அவளுக்குத் தெரியும். படிகளில் தாவி ஏறினாள்.

பக்கம் முடிக்கும் அறையில் கத்திரி கணினித் திரைக்கு மூக்கை ஒட்டி உட்கார்ந்திருந்தார். "என்னம்மா நீ வந்து நிக்கிற? காலண்டர் சார் எங்க?"

"ஆஸ்பத்திரியில. நெஞ்சுவலி."

கத்திரி துள்ளி எழுந்தார். "என்னம்மா இவ்வளவு சாதாரணமாச் சொல்ற!"

"முதல்ல இதப் பாருங்க. இதுக்காகத்தான் அனுப்பியிருக்காரு."

கத்திரி தாளை வாங்கினார். முன்பக்கம் கோடுகள், பின்பக்கம் எழுத்து. சுருக்கொப்பத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அவர் கைதான். நெஞ்சுவலியிலயும் தேதி போட்டிருக்காரு பாரு." உட்கார்ந்து படத்தைத் திறந்தார். அச்சுக்கூடத்து ஆள் வாசலில் வந்து, "பக்கம் அனுப்பலாங்களா?" என்றார். "இருய்யா, உயிர எடுக்காத!" என்று கத்தினார் கத்திரி.

ஒரு தட்டு. படம் இடவலமாகத் திரும்பியது. இப்போது பைகள் இடது மார்பில் இருந்தன. அடுத்து, வலப்பக்க முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு வெட்டி, பக்கத்தில் ஒட்டினார். "முடிஞ்சுது. நீ கிளம்பு, நானும் பின்னாலயே வரேன்."

மகள் கதவு வரை போய்விட்டாள். ஏதோ உறுத்தியது. லிஃப்ட் மோட்டாருக்கு மூன்று வயர் வரும். அதில் இரண்டை இடம் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். ஒருமுறை ஒரு கட்டடத்தில் மேலே போகச் சொன்னால் கீழே போன லிஃப்ட்டைச் சரிசெய்ய ஒருத்தன் கீழே வயரை மாற்றினான். அது தெரியாமல் இன்னொருத்தன் மேலே போய் அதையே மாற்றினான். இருவரும் சரிசெய்த லிஃப்ட் மறுபடியும் கீழேயே போனது.

"நில்லுங்க! அனுப்பாதீங்க."

"இப்ப என்ன?"

"படத்தையும் திருப்பிட்டீங்க, வலப்பக்கமும் எடுத்துட்டீங்க. ரெண்டையும் பண்ணினா பழைய ஆள்தான் திரும்ப வருவாரு."

கத்திரி தாளைத் தட்டினார். "ரெண்டும் அவர் எழுதினதுதானம்மா? படம் திரும்பியுள்ளது. திருப்பிட்டேன். வலப்பக்கம் எடுக்கவும். எடுத்துட்டேன்."

"திருப்பாம வலது. இல்லன்னா திருப்பி இடது. ஏதாவது ஒன்னுதான்."

"நீ சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா காகிதத்துல இருக்கிறதுதான் எனக்குக் கணக்கு. உங்கப்பா போட்ட சட்டம். பொண்ணு சொன்னான்னு மாத்தி நாளைக்குத் தப்பாப் போச்சுன்னா அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அச்சுக்கூடத்து ஆள் மறுபடி வந்து நின்றார். மகள் போனை எடுத்தாள்.

"இங்க போன் கிடையாதும்மா!"

"தெரியும்." அழுத்திவிட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். எடுக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

"ம்," என்றது அப்பாவின் குரல்.

மகள் போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினாள். கத்திரி அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு குனிந்து, "சார், நான்தான் பேசறேன்," என்றார்.

"போன் எடுத்துட்டியா, மடையா."

"உங்க பொண்ணு பண்ண வேலை சார்."

"இப்ப உன் திரையில பை எந்தப் பக்கம்?"

"இடது மார்புல சார். படத்தத் திருப்பிட்டேன்."

மூச்சு மட்டும் கேட்டது. ஒவ்வொரு சொல்லையும் ஏணியில் ஏறி எடுத்துவருவதுபோல் இருந்தது.

"பை இடத்துக்கு வந்துட்டா ஆளும் இடத்துக்கு வந்தாச்சு. பாக்குறவனுக்கு இடது. அவர்தான் அண்ணன். வலத நான் திருப்பாத படத்துக்கு எழுதினேன். ரெண்டு தடவ திருப்பாத."

கத்திரியின் விரல்கள் ஓடின. பழைய முகம் போனது, இடப்பக்க முகம் வந்தது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

"மாத்திட்டேன் சார். போகட்டுமா?"

"பொண்ணப் படிக்கச் சொல்லு. கீழருந்து."

மகள் படித்தாள். இரட்டையரில் மூத்தவர், ஓவியர், வானொலி நிலையம், திரையரங்கு. ஒவ்வொன்றுக்கும் அங்கிருந்து ஒரு "ம்" வந்தது.

"போகட்டும்," என்றார் அப்பா. பிறகு, "ஃபிலிம் என் பையில இருக்கு. நாளைக்குக் காலையில கொண்டு வந்து தரேன்னு சொல்லியிருக்கேன். ஞாபகப்படுத்து."

"சரிப்பா. இதோ வந்துட்டேன். பேசாதீங்க."

"அவர் கையில..."

நர்ஸின் குரல் குறுக்கே வந்தது. யார் போனைக் கொடுத்தது என்று அதட்டியது. தொடர்பு அறுந்தது.

திரும்பியும் ஓட்டம்தான். கத்திரி பின்னால் மூச்சிரைக்க வந்தார். பாலம், பள்ளிக்கூடம், மருந்துக் கடை. இப்போது பள்ளிக்கூட வாசலில் ஒருவரும் இல்லை.

படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே நிறைய கால்கள் தெரிந்தன. மகள் திரைக்கு வெளியே நின்றாள். யாரோ எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு எண்ணுவதை நிறுத்தினார்கள். டியூட்டி டாக்டர் வெளியே வந்து கையுறையைக் கழற்றினார்.

"நீங்க போன கொஞ்ச நேரத்துல ரிசல்ட் வந்துச்சு. ஐ.சி.யூ.வுக்கு மாத்த ஏற்பாடு பண்ணிக்கிட்டிருந்தோம்," என்றார். அதற்குமேல் அவர் சொன்னது மகளின் காதில் ஏறவில்லை. கத்திரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குழந்தைபோல் அழுதார்.

நீ கூட இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்க முடியும் என்று பிறகு நிறையப் பேர் மகளிடம் சொன்னார்கள். ஆறுதலுக்குத்தான். அம்மா சொல்லவில்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தனியா இருந்தாரா?"

"போன்ல கூட இருந்தேம்மா."

அம்மா யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். கீழிருந்து படிக்கும்போது அப்பா ஆட்டுவாரே, அந்த ஆட்டல். அவர் போன தேதியைச் சுவர்க் காலண்டரில் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலி நாள்தான்," என்றாள். "சொன்ன மாதிரியே பாத்துப் போயிருக்காரு."

மறுநாள் காலை வீடு முழுக்க ஆட்கள். படியில் ஏறி வந்தவர்கள் ஏறிய களைப்போடும் அழுகையோடும் உள்ளே வந்தார்கள். யாரோ பேப்பரை வாசலிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்கள். மகள் பிரித்தாள். மூலையில் அந்த முகம். நேராகப் பார்த்துச் சிரித்தது. சரியான முகம்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பை தெரியாத அளவுக்கு வெட்டியிருந்தார் கத்திரி.

அப்பாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பைக்குள், சட்டைக்கு அடியில் கிடந்து அடித்தது. மகள் பையோடு சமையலறைக்குப் போய், சட்டையை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, கையை விட்டுத் துழாவிப் போனை எடுத்தாள்.

"சார்?" வயசான குரல். இருந்தும் எங்கேயோ கேட்ட குரல். தெருவைக் காலி செய்த குரல்களில் ஒன்று.

"அவர் பொண்ணு பேசறேங்க."

"வணக்கம்மா. நான் சின்னவன் பேசறேன், ரேடியோ. படம் பாத்தேன்மா. அவன்தான். அவனேதான். சிரிப்புல ஒரு திருட்டுத்தனம் இருக்கும் பாரு, அது எனக்கு வராது. இத்தனை வருஷம் வேணாம் வேணாம்னு முட்டாளாட்டம் இருந்துட்டேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்பாகிட்டக் கொடேன், ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

மகள் வாயைத் திறந்தாள். கூடத்தில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.

"கிளம்பிட்டாராம்மா?" என்றார் சின்னவர். "காலையில ஃபிலிம் கொண்டு வந்து கையில கொடுக்கறேன்னாரு. சொன்னா வர்ற மனுஷன். இங்க மாடிப்படி செங்குத்தா இருக்கும், அவருக்கு எதுக்குக் கஷ்டம்னு நான் கீழ வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன்."

மேசைமேல் அந்தச் சட்டை கிடந்தது. கசங்கிக் கிடந்தது. இடது பையில் உறையின் வெள்ளை முனை தெரிந்தது.